செயற்கைக்கோள் இணையம் தகராறு செய்கிறதா? கடிகாரத்தை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

டிஷ் வைத்து இணையம் வாங்கியவர்களின் புகார் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "நெட் விட்டு விட்டு வருது." இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. எவ்வளவு நேரம் விடுகிறது, மறுபடி எப்போது விடுகிறது என்று கேட்டால்தான் வழி பிறக்கும். இரண்டு விநாடி விட்டால் ஒரு காரணம், பத்து நிமிடம் விட்டால் வேறு காரணம், தினமும் மதியத்தில் மட்டும் விட்டால் அதற்கென்று தனிக் காரணம்.

டிவி டிஷ் பார்க்கும் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. நமக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். ஒருமுறை திருப்பி வைத்து நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. பூமிக்கு அருகே தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியே வரும் தாழ்வட்டப்பாதை இணையம் அப்படியல்ல. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 550 கி.மீ. அளவிலோ அதற்குக் கீழோ, மணிக்குச் சுமார் 27,000 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. பூமியை ஒருமுறை சுற்ற ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். எந்தச் செயற்கைக்கோளும் உங்கள் தலைக்கு மேல் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது. டிஷ்ஷுக்குள் இருக்கும் ஆன்டெனா வரிசை, அசையாமலேயே கதிரை மின்னணு முறையில் திருப்பி அவற்றைத் துரத்துகிறது. இதே வகைச் சேவையான ஒன்வெப் 1,200 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, அமேசானுடையது 600 கி.மீ. சுற்றுவட்டாரத்தில். உயரம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். கீழே வரும் எண்கள் பெரும்பாலும் ஸ்டார்லிங்குக்குப் பொருந்துபவை.

எதையும் தொடுவதற்கு முன்: மூன்று பிங்

ஒரு மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் மாட்டுங்கள். வைஃபையில் சோதித்தால் வானத்தின் குற்றமா சுவரின் குற்றமா என்று தெரியாது. பிறகு மூன்று சாளரங்களைத் திறந்து, மூன்று முகவரிகளுக்குத் தொடர்ந்து பிங் (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். முதலாவது ரவுட்டர் (பெரும்பாலும் 192.168.1.1). இரண்டாவது டிஷ் (192.168.100.1). மூன்றாவது வெளியுலகம் (1.1.1.1 அல்லது 8.8.8.8). விண்டோஸில் பிங் நான்கு முறையோடு நின்றுவிடும். நிறுத்தாமல் ஓடச் சொல்லும் தேர்வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சில சமயம் டிஷ்ஷின் முகவரி பதில் சொல்லாது. அதற்கு அந்த முகவரிக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று சொல்லும் ஒரு நிலையான வழித்தடத்தை (static route) ரவுட்டரில் சேர்க்க வேண்டும்.

தொடர்பு அறும் நேரத்தில் எந்தச் சாளரம் நிற்கிறது என்று பாருங்கள். மூன்றும் நின்றால் ரவுட்டரோ உங்கள் கேபிளோ. ரவுட்டர் பேசுகிறது, டிஷ் பேசவில்லை என்றால் இடையிலுள்ள கேபிள் அல்லது மின்சாரம். டிஷ்ஷும் பேசுகிறது, வெளியுலகம் மட்டும் நிற்கிறது என்றால் அப்போதுதான் வானத்தைப் பார்க்க வேண்டும். மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணையதளங்கள் திறக்கவில்லையா? பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் சர்வரை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

டிஷ்ஷுக்கு உயிரே இல்லை, அல்லது தானாக அணைந்து எழுகிறது

சேவை நிறுவனத்தின் கைபேசி ஆப்பில் "டிஷ் இணைக்கப்படவில்லை" என்று வந்தால் பலரும் உடனே கூரை ஏறுகிறார்கள். ஏறுவதற்கு முன் உள்ளே இருக்கும் பிளக்கைப் பாருங்கள். டிஷ்ஷுக்கு டேட்டாவும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகின்றன. சில மாடல்களில் பிளக் உள்ளே போய்விட்டது போலவே தெரியும், ஆனால் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போயிருக்காது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து முனைகளைப் பாருங்கள். பித்தளை நிறத்தில் பளபளப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தாலோ, ஒரே ஒரு முனை மட்டும் கறுத்திருந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீர் போயிருக்கிறது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் துளைக்குச் சற்று முன்னால் அதைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுங்கள். கேபிள் வழியே வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

அணைந்து அணைந்து எழும் டிஷ்ஷின் கதை வேறு. சாதாரண டிஷ் ஒன்று சராசரியாக 50 முதல் 100 வாட் வரை எடுக்கும். பனி உருக்கும் சூடேற்றி ஓடினால் இன்னும் கூடும். கேபிளை நீட்டுவதற்கு மலிவான கேபிள் போட்டிருந்தால் அதில் மின்னழுத்தம் இறங்கிவிடும். சும்மா இருக்கும்போது தாக்குப்பிடிக்கும், வேலை கூடும்போது விழுந்துவிடும். செம்பு பூசிய அலுமினியக் கம்பிதான் இதில் முதல் சந்தேக நபர். கம்பியின் வெட்டு முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரிந்துவிடும். சூரியத் தகடும் பேட்டரியும் வைத்து ஓட்டுபவர்கள், டிஷ் எழும் நேரத்தையும் இன்வெர்ட்டரின் பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதை அடையாளம் காணக் கடிகாரம் எளிது. மரமோ கட்டடமோ வானத்தை மறைப்பதால் வரும் துண்டிப்பு விநாடிகளில் முடியும். டிஷ் அணைந்து எழுந்தால் மறுபடி இணைய நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு முறையும் நிமிடக்கணக்கில் விடுகிறதென்றால் ஆப்பில் "கடைசியாகத் தொடங்கியது எப்போது" என்ற வரியைப் பாருங்கள். நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டிய டிஷ் பத்து நிமிடத்துக்கு முன்புதான் தொடங்கியது என்று அது காட்டினால், மரத்தை வெட்ட வேண்டிய அவசியமில்லை.

"தேடுகிறது" என்று நின்றுவிட்டது

புதிதாகத் தொடங்கிய டிஷ்ஷுக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். பொறுமையில்லாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கினால், நடுவில் மென்பொருள் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதையும் கெடுத்துவிடுவீர்கள்.

அதற்கு மேலும் தேடினால் மூன்று விஷயங்கள். டிஷ் மடிப்பு நிலையில் (எடுத்துச் செல்வதற்காக மடித்துவைக்கும் நிலை) இருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். அடுத்தது கணக்கு: பணம் நின்றுபோயிருக்கலாம், அல்லது சேவை அனுமதி இல்லாத இடத்துக்கு டிஷ்ஷைக் கொண்டுபோயிருக்கலாம். டிஷ்ஷுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் வழியாகத் தெரியும், முகவரியை ஏமாற்ற முடியாது. மூன்றாவது, திசை. மோட்டார் இல்லாத புதிய மாடல்களை நாமே ஆப் சொல்லும் பக்கம் திருப்ப வேண்டும். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் வடக்கு நோக்கித்தான் சாயும். நிலநடுக்கோட்டுக்கு மேலே வரிசையாக நிற்கும் டிவி செயற்கைக்கோள்களும் ஏறத்தாழ இதே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அவற்றுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்பது விதி, அதனால்தான் அவை நிற்கும் தெற்குப் பக்கத்தை விட்டு விலகிப் பார்க்கிறது. டிவி டிஷ் வைத்துப் பழகிய ஆட்கள் பழக்க தோஷத்தில் இதையும் தெற்கே திருப்பிவிடுவதுண்டு.

சில விநாடி விடுகிறது, திரும்பத் திரும்ப விடுகிறது

பெரும்பாலான வீடுகளின் கோளாறு இதுதான். வீடியோ ஓடுகிறது, படம் பார்க்கலாம், ஆனால் அழைப்பில் பேசினால் எதிராளி உறைந்துபோகிறார். படம் முன்கூட்டியே சில விநாடிகளைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், பேச்சுக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் "யூடியூப் நன்றாக வருகிறதே" என்ற வாதம் இங்கே செல்லாது.

காரணம், வானத்தில் மறைப்பு. செயற்கைக்கோள் ஓடிக்கொண்டிருப்பதால் மரக்கிளைக்குப் பின்னால் அது போகும் சில விநாடிகள் மட்டும் தொடர்பு அறும். எந்த டிஷ் எந்தச் செயற்கைக்கோளோடு பேசவேண்டும் என்ற ஒதுக்கீடு 15 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், ஒவ்வொரு நிமிடத்திலும் 12, 27, 42, 57 ஆகிய விநாடிகளில் இந்த மாற்றம் நடக்கிறது. உங்கள் பிங் சாளரத்தில் நேரத்தையும் சேர்த்துப் பதிந்தால் நீங்களே பார்க்கலாம்: அந்த விநாடிகளில் தாமதம் (பதில் வர ஆகும் நேரம்) 28 மில்லிவிநாடியிலிருந்து 41க்குத் தாவும், அல்லது இறங்கும். தாவினால் கவலை வேண்டாம், அது இயல்பு. தாவாமல் அறுந்து, அடுத்த மாற்ற விநாடியில் மறுபடி உயிர்பெற்றால், ஒதுக்கப்பட்ட செயற்கைக்கோளை ஏதோ மறைக்கிறது என்று பொருள்.

ஆப்பில் மறைப்பு வரைபடம் இருக்கிறது. டிஷ்ஷை இடம் மாற்றிய உடனே அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். செயற்கைக்கோள்கள் வானத்தின் எல்லா மூலைகளையும் கடந்து போக வேண்டும், வரைபடம் நிரம்பச் சுமார் அரை நாள் ஆகும். மறுநாள் பாருங்கள், சிவப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் எதிரி.

இனி கணக்கு. டிஷ் நோக்கும் பக்கத்தில் அடிவானத்திலிருந்து 25 பாகைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். அப்படியானால் 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு மரம், டிஷ்ஷைவிட 4.7 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் மறைக்கத் தொடங்கும். 20 மீட்டர் தள்ளியிருந்தால் 9.3 மீட்டர் வரை பரவாயில்லை. இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது: டிஷ்ஷை ஒரு மீட்டர் உயர்த்துவதும், மரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்னால் தள்ளுவதும் ஏறக்குறைய ஒரே பலன்தான். கம்பம் வாங்கிச் சுவரில் துளைபோடுவதற்கு முன் கூரையின் மறுமூலையில் வைத்துப் பாருங்கள். என் அபிப்பிராயத்தில் விற்கப்படும் உயரக் கம்பங்களில் பாதிக்குமேல் தேவையில்லாதவை. தவிர, நீளமான மெல்லிய கம்பம் காற்றில் ஆடும். அப்புறம் காற்றடிக்கும் நாட்களில் மட்டும் விடுகிறது என்று புதுப் புகார் வரும்.

இலையும் தண்ணீரும் சேர்ந்தால் மறைப்பு இரட்டிப்பாகும். நனைந்த இலை சிக்னலைக் காய்ந்த இலையைவிட அதிகம் குடித்துவிடும். இலையுதிர்ந்த காலத்தில் டிஷ் பொருத்தியவர்களுக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும், தளிர் விட்டதும் தகராறு தொடங்கும். "மாதக்கணக்கில் நன்றாக இருந்தது, திடீரென்று கெட்டுவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் மரத்தைப் பார்ப்பது நல்லது.

நிறுவனங்களில் இரண்டு கிண்ண ஆன்டெனா வைத்த அமைப்பும் உண்டு. ஒன்று நடப்புச் செயற்கைக்கோளைத் தொடரும்போது மற்றது அடுத்ததற்குக் காத்திருக்கும். அங்கே சில நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்ததுபோல் ஒழுங்காக அறுந்தால் மரத்தைத் தேட வேண்டாம். இரண்டில் ஒன்று நகராமல் நிற்கிறது.

மழையில் விடுகிறது

பயனர் டிஷ்ஷுக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே பயன்படுவது 10.7 முதல் 14.5 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. கனமழை இதை விழுங்கும். சாரலுக்கோ சாதாரண மேகத்துக்கோ ஒன்றும் ஆகாது. இதில் ஆட்களைக் குழப்புவது ஒன்று உண்டு: உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாமலே தொடர்பு போகலாம். டிஷ் பார்ப்பது சாய்வாகத்தானே? வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிக் கறுத்த மேகம் திரண்டிருந்தால் போதும். செயற்கைக்கோளை இணையத்தோடு இணைக்கும் தரைநிலையத்தின் மேல் கொட்டினாலும் பாதிப்பு உண்டு, அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

மழையால் வரும் துண்டிப்பு நிமிடங்களில் தீரும். காத்திருப்பதுதான் மருந்து. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகும் சரியாகவில்லை என்றால் அது மழையின் வேலையல்ல, மழைத்தண்ணீரின் வேலை. மேலே சொன்ன பிளக்கிடம் திரும்பிப் போங்கள். டிஷ்ஷுக்குக் குடை, பிளாஸ்டிக் உறை என்று எதையும் மாட்டாதீர்கள். அதன் மேல் படியும் நீர்ப்படலம் மழையைவிட அதிகத் தொல்லை.

மதியம் மட்டும் போகிறது

வெயில் நாட்களில் நண்பகல் தாண்டிப் போய், மாலை சாய்ந்ததும் தானாக வந்தால் அது சூடு. பெரும்பாலான டிஷ்கள் 50 டிகிரி செல்சியஸ் சூழல்வெப்பம் வரைதான் தாங்கும். காற்றின் வெப்பம் 40தான் என்று வானிலைச் செய்தி சொல்லலாம். வெயிலில் காய்ந்த தகரக் கூரையை ஒட்டி வைத்த டிஷ்ஷுக்கு அந்தக் கணக்கு உதவாது. ஆப்பில் வெப்ப எச்சரிக்கை வந்திருக்கும். கூரையிலிருந்து அரை மீட்டராவது உயர்த்தி, அடியில் காற்றோட்டம் விடுங்கள். தண்ணீர் தெளித்தால் சற்று நேரம் ஓடும், அவ்வளவுதான்.

மாலையானால் மந்தம்

லேன் கேபிளில், விடியற்காலை ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை வேகம் பாருங்கள். காலையில் பறந்து, இரவில் நொண்டினால் நெரிசல். ஒரு வட்டாரத்தின் பயனர்கள் எல்லாரும் அதே கதிரைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். டிஷ்ஷை எங்கே நகர்த்தினாலும் இது தீராது. பெரிய பதிவிறக்கங்களை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

வேகம் நன்றாகக் காட்டுகிறது, ஆனால் அழைப்பு தடுமாறுகிறது

வேகச் சோதனை 150 எம்பிபிஎஸ் என்று காட்டும். அதே நேரம் அழைப்பில் குரல் ரோபோவைப் போல் உடையும். மறைப்பும் இல்லை. பதிவேற்றம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சேவைகளில் பதிவேற்றம் பதிவிறக்கத்தைவிடப் பலமடங்கு சிறியது. வீட்டில் ஒரு கைபேசி புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால் போதும், மற்ற டேட்டாப் பொட்டலங்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிடும். சோதனை எளிது: வெளியுலகப் பிங்கை ஓடவிட்டு, ஒரு பெரிய கோப்பை ஏற்றுங்கள். 35 மில்லிவிநாடி 300ஐத் தாண்டினால் அதுதான். புகைப்படக் காப்பை இரவுக்கு மாற்றினாலே பாதி தீரும். வரிசையை நிர்வகிக்கும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு. ஆனால் அதில் ஒரே ஒரு நிலையான வேகத்தை எழுதிவைத்தால் இங்கே சரியாக வராது, ஏனென்றால் இந்த இணைப்பின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தாமதத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாகப் பாருங்கள்.

தாமதத்தைப் பற்றி இன்னொன்று. 25 முதல் 60 மில்லிவிநாடி வரை இயல்பு. எப்போதும் 100க்கு மேல் என்றால், உங்கள் டேட்டா செயற்கைக்கோள்களுக்கிடையே லேசர் வழியாகப் பயணித்துத் தொலைவிலுள்ள தரைநிலையத்தில் இறங்குகிறது. கடலிலும் ஒதுக்குப்புறங்களிலும் இது சகஜம். எப்போதுமே 600 என்று காட்டினால், உங்களுக்கு விற்கப்பட்டது தாழ்வட்டப்பாதை இணையமே இல்லை. 35,786 கி.மீ. போய்வந்து, பதிலும் அதே தூரம் போய்வரும் நேரம் மட்டுமே 480 மில்லிவிநாடிக்கு அருகில் வந்துவிடும்.

பக்கத்து அறையில் மட்டும் வரவில்லை

வைஃபை. வானத்தைத் திட்டாதீர்கள், ரவுட்டரை நகர்த்துங்கள்.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைத் திறக்க முடியவில்லை

ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், பல பயனர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் போர்ட் (இணைப்பு வாசல்) திறந்துவிடுவது இங்கே பலிக்காது, எத்தனை முறை செய்தாலும். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் புதிய முறையான ஐபிவி6 வழியாக வரலாம், அல்லது வீட்டிலிருந்து வெளியே ஒரு விபிஎன் சுரங்கம் (மறைகுறியாக்கப்பட்ட தனி வழி) போட்டு அதன் வழியாக உள்ளே நுழையலாம். இணையதளங்கள் உங்களை வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பதாக நினைப்பதும், "நீங்கள் மனிதரா" என்று அடிக்கடி கேட்பதும் இதே குடும்பத்துத் தொல்லைதான். உங்கள் டேட்டா இணையத்தில் இறங்கும் இடமும் நீங்கள் இருக்கும் இடமும் ஒன்றல்ல.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது

2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் படுத்தது. மைய வலையமைப்பை இயக்கும் உள்மென்பொருள் சேவைகள் செயலிழந்ததுதான் காரணம் என்று நிறுவனமே சொன்னது. அன்றைக்குக் கூரை ஏறியவர்கள், தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியவர்கள் எல்லாருக்கும் வேலை வீணானதுதான் மிச்சம். டிஷ்ஷுக்குப் பிங் போகிறது, மறைப்பு இல்லை, மழை இல்லை, ஆனாலும் அரை மணி நேரமாக வெளியுலகம் இல்லை என்றால் கைபேசி டேட்டாவில் மற்றவர்களுக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புகளைத் தொடாதீர்கள்.

சூரியப் புயலையும் சிலர் இழுப்பார்கள். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை புவிகாந்தப் புயலில் இழந்தது உண்மை. அவை அப்போதுதான் ஏவப்பட்டு மிகத் தாழ்வாக இருந்தன, புயல் வளிமண்டலத்தை உப்பவைத்து இழுவையைக் கூட்டிவிட்டது. 2024 மே மாதப் பெரும்புயலின்போதும் சேவை மந்தமானது. ஆனால் உங்கள் வீட்டில் தினமும் காலை பத்து மணிக்கு நடப்பதற்குச் சூரியனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆதரவுக் குழுவுக்கு எழுதும்போது

"நெட் வரவில்லை" என்று எழுதினால் மறுதொடக்கம் செய்யச் சொல்லிப் பதில் வரும், ஒரு நாள் வீண். துண்டிப்பு தொடங்கிய நேரம், நீடித்த விநாடிகள், மூன்று பிங்கில் எது நின்றது, மறைப்பு வரைபடத்தின் படம், டிஷ் கடைசியாக எப்போது தொடங்கியது, பிளக் முனைகளின் புகைப்படம். இவை முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். டிஷ்ஷை மாற்றித் தர ஒப்புக்கொண்டால் கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய கேபிளில் புது டிஷ்ஷை மாட்டினால் பழைய கோளாறு புது டிஷ்ஷோடு தொடரும், இரண்டாவது முறை அவர்களை நம்பவைப்பது கடினம்.